செம்புத் தகட்டில் இறங்கிய கோழி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு நடுக்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறொன்று ஞாபகம் வந்து அதன் பின்னாலேயே போய்விடுகிற ஆள் நான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், அதுவும் போக இதே கதையைக் குருவத்தாய் மதினி பஸ்ஸில் சொல்லும்போது கோழிகள் பேசின என்றாகிறது, ராமுத்தாயின் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லும்போது கோழிகளே இல்லை, புறாக்கள் என்றாகிறது. கோழிகள்தான். பேசவில்லை. மொத்தம் பன்னிரண்டு. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே சறுக்கினாலும் பெரிய பிசகு வந்துவிடாது என்று நினைக்கிறேன்.

என் பெயர் சீனியம்மாள். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் பட்டாசு ஆலையில் பதினெட்டு வருஷமாகப் பூச்சட்டிக்கு மருந்து அமுக்குகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வாசலில் வைத்துக் கொளுத்துகிறீர்களே, அந்தக் கூம்புதான். மரச்சட்டத்தில் தலைகீழாக நிறுத்தியிருக்கும் காகிதக் கூம்பில் மரக் கரண்டியால் மருந்தைப் போட்டுக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், போட வேண்டும், அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அலுமினியப் பொடி கையெல்லாம் முகமெல்லாம் ஏறிச் சாயங்காலத்துக்குள் வெள்ளிச் சிலை மாதிரி ஆகிவிடுவோம். ஒரு ரூமுக்கு நாலு பேர், நாலு பேருக்கு நாலு வாசல், ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஒரு ரூம் போனால் நாலு பேரோடு போகட்டும், பக்கத்து ரூமுக்குப் போக வேண்டாம் என்றுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றி, காலைத் தண்ணீரில் நனைத்து, வாசல் சுவரில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்போம். உடம்பில் சேர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரண்டு அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லாவிட்டால் விரல் நுனியில் தெறிக்கிற ஒரு பொறி போதும். காய்ச்சலில் கிடந்தாலும் எங்கள் பெண்கள் எந்த வாசலைப் பார்த்தாலும் உள்ளங்கையை நீட்டுவார்கள், அவ்வளவு பழக்கம்.

கரண்டு இறங்கும், ஆனால் என் நினைப்பு இறங்காது. கேஸை மூடினேனா, என் வீட்டுக்காரர் அய்யாக்குட்டி சர்க்கரை மாத்திரை போட்டாரா, ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் நாகஜோதிக்கு ஏழாம் மாசம், அவள் மாமியார் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடுவாளா, வெளியே அது என்ன சத்தம், யார் வண்டி, யார் இருமுகிறார்கள் என்று என் தலை ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது. அந்த வருஷம் ஆடி மாசத்தில் மட்டும் இரண்டு தடவை மருந்தைத் தரையில் சிந்திவிட்டேன். இரண்டாம் தடவை போர்மேன் தங்கப்பாண்டி அண்ணாச்சி ரூம் வாசலில் வந்து நின்று, கத்தாமல், தணிந்த குரலில் சொன்னார்.

"சீனி, நீ சிந்துறது உன் உசுரை மட்டும் இல்ல தாயி. மூணு பேரு கூட உக்காந்திருக்காக."

அந்த மூன்று பேர், குருவத்தாய் மதினி, ராமுத்தாய், கைப்பிள்ளைக்காரி சங்கரேஸ்வரி, என் முகத்தைப் பார்க்காமல் கூம்பையே பார்த்தார்கள். அவர் கத்தியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதனால்தான் மதுரையிலிருந்து டாக்டர் மெர்லின் ஒரு பெட்டியோடு வந்து, கவனம் சிதறாமல் இருக்க ஒரு ஆராய்ச்சி செய்கிறோம், இஷ்டப்பட்டவர்கள் மட்டும் வரலாம் என்று சொன்னபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் இருந்தது இரண்டு வளையல்களை ஒட்டவைத்த மாதிரி ஒரு கருவி. அதைத் தலைமேல் வைத்தால் டிக் டிக் டிக் என்று மரங்கொத்தி கொத்துவது போல ஒரு தட்டு.

"கரண்டா டாக்டர்?" என்று சங்கரேஸ்வரி பயந்தாள்.

"இது காந்தம்மா. வெளியேருந்து தட்டி உள்ள இருக்கிறவங்களை எழுப்புறோம், அவ்வளவுதான். நெத்திக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா. 'இதைப் பிடிச்சுக்கோ, மத்ததை விடு'ன்னு சொல்றது அவ வேலை. காதுக்கு மேல இன்னொருத்தி. சத்தம் வந்தா 'அங்க என்னன்னு பாரு'ன்னு தலையைத் திருப்புறது அவ. சீனியம்மாவுக்கு இந்த ரெண்டாமவ ரொம்பச் சுறுசுறுப்பு. முதலாமவளைக் கொஞ்சம் தட்டிக்கொடுத்துப் பார்ப்போம்."

"ரெண்டு பேருமே பொம்பளைதானா டாக்டர்?" என்று கேட்டாள் குருவத்தாய் மதினி.

"ஆம்பளைங்க தலையிலயும் இவங்கதான்."

"அப்ப எங்க வீட்டு ஆளு தலையில ரெண்டு பேரும் லீவுல இருக்காளுக."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மூன்று ரூம்களைச் சேர்ந்த பன்னிரண்டு பேர், முதலுதவி அறையில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, தினமும் வேலைக்கு முன்னால் தட்டு வாங்கிக்கொண்டோம்.

நாலாம் நாள் காலையில், தட்டு வாங்கிய தலையோடு நேரே ரூமுக்குப் போய், காலை நனைத்து, உள்ளங்கையைச் செம்பில் வைத்தேன். கை வழியாக ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது, மாவு ஆட்டி முடித்துக் கையைக் கழுவும்போது விரலிலிருந்து மாவு விலகுமே, அந்த மாதிரி. கீழே பார்த்தால் என் காலடியில் ஒரு கோழி நின்றது. தவிட்டு நிறம், கழுத்தில் இறகில்லை, தலையை இப்படிச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது, அப்படிச் சாய்த்து மறு கண்ணால் போர்மேனைப் பார்த்தது, ஒரு இலை விழுந்தது, அதைப் பார்த்தது, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு தடவை கிளறிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தது. பார்த்த உடனேயே அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோழியை யாரு உள்ள கொண்டாந்தது?" என்றார் அண்ணாச்சி.

"என்னோடதுதான் அண்ணாச்சி. இப்பத்தான் இறங்குச்சு."

அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செம்புத் தகட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "சரி, வேப்ப மரத்தடியில இருக்கட்டும். மருந்துல கால் வைக்காமப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். என்னத்தைச் சொல்ல! என் நாற்பத்தேழு வயசில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை, கூம்பு இருந்தது, கரண்டி இருந்தது, கட்டைவிரல் இருந்தது, உலகத்தில் வேறு எதுவும் இல்லை, கேஸ் இல்லை, மாத்திரை இல்லை, மகளின் மாமியார் இல்லை, போட்டேன், அமுக்கினேன், போட்டேன், அமுக்கினேன், யாரோ என் தோளைத் தட்டிச் சாப்பாட்டு மணி அடித்து அரைமணி ஆகிவிட்டது என்றார்கள். ஒரு பொட்டு மருந்து கீழே சிந்தவில்லை. சாயங்காலம் வேப்ப மரத்தடிக்குப் போய்க் கோழியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தேன், வெதுவெதுவென்று உள்ளே போய்விட்டது, போன கையோடு அய்யோ கேஸை மூடினேனா என்று கேட்டேன்.

அடுத்த இரண்டு நாளில் பன்னிரண்டு பேருக்கும் கோழி இறங்கிவிட்டது. குருவத்தாய் மதினிக்குக் கொழுத்த கறுப்புக் கோழி, சங்கரேஸ்வரிக்குச் சிட்டு மாதிரி ஒரு வெள்ளைக் குஞ்சு, ராமுத்தாய்க்குப் புள்ளிக்கோழி. காட்டுக்குள் போய்விடக் கூடாது என்று அண்ணாச்சி ஊர்ச் சந்தையிலிருந்து பனையோலைக் கூடைகள் வாங்கிவந்து கவிழ்த்து வைத்தார். என் கோழியை மட்டும் எந்தக் கூடையாலும் அடைக்க முடியவில்லை, விளிம்புக்கு அடியில் எங்காவது ஒரு பள்ளத்தைத் தேடி, தலையை நுழைத்து, உடம்பை நுழைத்து வெளியே வந்துவிடும். "உன்னைய மாதிரியேதான்," என்று மதினி கேலி செய்வாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர் தம்பி, "கோழியைக் கையில தூக்கிட்டு வர்ற அக்காமாரு பின் சீட்டு, உள்ள வச்சுட்டு வர்றவுக முன் சீட்டு," என்று ஒழுங்கு வைத்தான். மாரியம்மன் கோயில் பூசாரி, கோழியை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டால்தான் கும்பிடு முழுசாகச் சேரும் என்று சொல்லி வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்து ஒரு கூடையும் வாங்கி வைத்தார். ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் பத்தாம் வகுப்பு முழுவதற்கும் தட்டு வைக்கச் சொல்லி டாக்டரிடம் மனு கொடுத்தார், டாக்டர் முடியவே முடியாது என்றார். டாக்டர் மட்டும் என்ன, ஆச்சரியப்பட்டாரா? ஒவ்வொரு கோழியின் காலிலும் எண் எழுதிய பட்டையைக் கட்டி, எடை போட்டு, தன் நோட்டில் 'பக்க விளைவு: கோழி' என்று எழுதிக்கொண்டார்.

பட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. ஒரு சாயங்காலம் பஸ் கிளம்பும் அவசரத்தில் மதினியும் சங்கரேஸ்வரியும் கையில் அகப்பட்டதைப் பார்க்காமலே நெஞ்சோடு அணைத்து, கோழியை மாற்றி உள்ளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளைக்கே முப்பது வயசான மதினி வீட்டில் போய் இறங்கியதிலிருந்து, பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கு, பால் குடிக்கலையே என்று தவித்துத் தொட்டிலைத் தேடியிருக்கிறாள். சங்கரேஸ்வரியோ இல்லாத மருமகனை நினைத்து, அவன் மறுபடியும் குடிக்கப் போயிருப்பானோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்திருக்கிறாள். காலையில் ரூம் வாசலில் செம்பைத் தொட்டு இறக்கி மாற்றிக்கொண்டார்கள்.

"உன் கவலை லேசுதான்டி," என்று மதினி கறுப்புக் கோழியை வாங்கிக்கொண்டே சொன்னாள், "ஆனா ஓயாம நைநைங்குது."

"உங்களது கனம், மதினி. எப்படித்தான் சுமக்கீகளோ!"

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே டிபனில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்த ஆலையில் அந்த மாசம் எல்லோருமே சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லலாம். ராமுத்தாயின் கோழி காணாமல் போன இரண்டு நாளை மட்டும் கழித்துவிட வேண்டும். அவளுடைய புள்ளிக்கோழி கூடையிலிருந்து எப்படியோ தப்பித்துச் சாத்தூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டது, அவள் கோழியில்லாமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது முற்றத்தில் குத்தவைத்து எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பார்க்கிறாளாம். பக்கத்தில் அவளுடைய நாலு வயசுப் பெண் படியில் விழுந்து முழங்காலில் ரத்தம் வழிய அழுதுகொண்டிருக்கிறது, இவள் தலையைத் திருப்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். காட்டியதும் துடித்துப்போய் வாங்கி மருந்து போட்டாள், பிரியத்தில் ஒரு குறையும் இல்லை. யாராவது கொண்டுபோய்க் கண் முன்னால் காட்டினால்தான் உண்டு. திங்கட்கிழமை சாயங்காலம் கோழி யாரோ வீட்டுக் குப்பைமேட்டில் அகப்பட்டது, அவளும் பழையபடி ஆனாள். ஆனால் எனக்கு அந்தப் பிள்ளை அழுத அழுகை காதை விட்டுப் போகவில்லை. ரூமுக்குள் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் அப்படித்தானே இருக்கிறோம் என்று பஸ்ஸில் யோசிப்பேன். செம்பைத் தொட்டதும் அந்த யோசனையும் கோழியோடு இறங்கிவிடும்.

இனி எல்லாம் தலைகீழான அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலையில் நல்ல வெயில், அதனால் பக்கத்து ரூம்காரர்கள் மருந்துத் தட்டுகளை மேடையில் காயப் போட்டிருந்தார்கள். மதியம் திடீரென்று பொசுபொசுவென்று ஒரு தூறல். அண்ணாச்சி தோளைத் தட்டிக் கிளப்பியதும் ஓடிப்போய் எடுத்துவந்தார்கள், ஆனால் ஒரு தட்டு கொஞ்சம் நனைந்துவிட்டது. அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானாகச் சூடேறும், மூக்கை அரிக்கிற ஒரு வாடை வரும், அப்புறம் புகையும், அதற்கு அப்புறம் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. இது எங்களுக்குத் தெரியாததில்லை. நனைந்ததைத் தூரக் குழியில் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் எடுத்துவந்தவளுக்குத் தட்டுகளை உள்ளே வைப்பது ஒன்றுதான் நினைப்பில் இருந்தது, கையைச் செம்பில் அழுத்தினாள், வைத்தாள், கூம்புக்கு முன்னால் உட்கார்ந்தாள், தட்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, முதுகு என்ற ஒன்று அவளுக்கு அப்போது இல்லை.

வெளியே பதினொரு கோழிகளும் கூடைகளுக்குள் கத்து கத்தென்று கத்தியிருக்கின்றன, கூடைகள் நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. அண்ணாச்சி அதற்குள் ஆபீஸ் பக்கம் போயிருந்தார். உள்ளே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போட்டேன், அமுக்கினேன். போட்டேன், அமுக்கினேன். கூடைக்கு வெளியே இருந்த ஒரே கோழி, எந்தக் கூடையிலும் நிற்காத என் தறுதலைக் கோழி, வாசலைத் தாண்டி ஓடிவந்து, சட்டத்தைச் சுற்றிவந்து, என் மடியில் ஏறி, நான் அணைக்காமலேயே நெஞ்சுக்குள் பாய்ந்துவிட்டது.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது, கேஸ், மாத்திரை, நாகஜோதி, தூறல், கோழிகளின் அலறல், அதோடு மூக்கை அரிக்கிற அந்த வாடை. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து ரூம் வாசலில் நூல் மாதிரி ஒரு புகை, மெதுவாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஓடுங்க! மருந்து புகையுது, ஓடுங்கடி!"

ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை. ராமுத்தாயின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இந்தச் சட்டம் முடிஞ்சிரும்க்கா," என்றாள், கண் கூம்பிலேயே இருந்தது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேரை நான் ஒருத்தி எத்தனை நேரத்தில் இழுத்துப்போட முடியும்? ஒரு நிமிஷம் இருந்ததா, இரண்டு நிமிஷம் இருந்ததா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே ஓடினேன், வேப்ப மரத்தடியில் கூடைகளைக் காலால் எத்தி எத்திப் புரட்டினேன்.

பதினொரு கோழிகளும் இறக்கையை விரித்துக்கொண்டு மூன்று ரூம்களுக்குள்ளும் பாய்ந்தன. எது யாருக்கு என்று பார்க்க அவற்றுக்கும் நேரமில்லை, அகப்பட்ட மடியில் ஏறின, அகப்பட்ட நெஞ்சில் புகுந்தன. வாசல்கள் எல்லாவற்றிலும் பெண்கள் தெறித்து வந்தார்கள். மதினி, "என் பிள்ளைக்குச் சளி, என் பிள்ளைக்குச் சளி," என்று கூவிக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி அந்த வயசில் முள்காட்டில் ஓடினாள், சங்கரேஸ்வரி மருமகனைத் திட்டிக்கொண்டே ஓடினாள், ராமுத்தாய் யாருடைய மாடு அவிழ்ந்துவிட்டது என்று தெரியாமல் அந்த மாட்டைத் தேடிக்கொண்டு ஓடினாள். எந்தக் கவலையாக இருந்தால் என்ன, கால் ஓடியது. கண்மாய்க் கரைக்குப் பின்னால் விழுந்து கிடந்தபோது நான் தலைகளை எண்ணினேன், மூன்று தடவை எண்ணினேன், பன்னிரண்டு. அப்புறம்தான் சத்தம் கேட்டது. பக்கத்து ரூமின் கூரைத் தகரம் ஒரு பறவை மாதிரி எழும்பிப்போய்ச் சோளக்காட்டில் இறங்கியது. கரும்புகை அடங்கும் வரைக்கும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கோழிகளைச் சரியாக மாற்றிக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

டாக்டர் மெர்லின் மறுநாளே வந்துவிட்டார். எரிந்த ரூமைச் சுற்றிவந்து, எங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். "பிடிச்சுக்கிறவளை மட்டும் வளர்த்துட்டேன். திருப்புறவளை வெளியில உக்கார வச்சுட்டேன். அவ தொந்தரவுன்னு நினைச்சேன், காவல்னு நினைக்கலை. என் தப்பும்மா," என்றார்.

"நாங்கதானே தலையை நீட்டுனோம்," என்று மதினி அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

தட்டு வைப்பது அன்றோடு நின்றது. ஒரு மாசத்துக்குள் ஒவ்வொருத்திக்கும், கோயில் வாசல் செம்பைத் தொட்டாலும் கோழி இறங்குவது நின்றுபோனது. கோயில் வாசல் கூடையில் பூசாரி இப்போது தேங்காய் போட்டுவைக்கிறார். எனக்கு மட்டும் நிற்கவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, மூன்று மாசம் பூட்டிக்கிடந்து, புது ரூம் கட்டி, ஆலை மறுபடி திறந்த அன்றும் நான் உள்ளங்கையை வைத்ததும் தவிட்டுக் கோழி காலடியில் வந்து நின்று தலையைச் சாய்த்தது.

அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். "சீனி, மரத்தடியில விட்டுட்டுப் போயேன். உன் கை மாதிரி சுத்தமா இந்த ஆலையில எந்தக் கையும் வேலை செஞ்சதில்ல."

உண்மைதான். அந்த அமைதிக்கு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது, இதை எழுதும்போது கூட இருக்கிறது. செம்பைத் தொட்ட கையோடு வாசலில் நின்று யோசித்தேன், பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் குனிந்து கோழியைத் தூக்கினேன்.

"ஏய், இறகுல கரண்டு இருக்குமே," என்று அண்ணாச்சி பதறினார்.

அதுவும் சரிதான். கோழியின் இரண்டு கால்களையும் ஒன்றாகப் பிடித்துச் செம்புத் தகட்டில் நன்றாக அழுத்தி, பத்து எண்ணி, எடுத்து நெஞ்சில் வைத்து உள்ளே வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் கால் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். சிந்திவிடக் கூடாதே என்று கரண்டியில் பாதிதான் அள்ளுகிறேன், மற்றவர்கள் மூன்று சட்டம் முடிப்பதற்குள் நான் ஒன்றரைதான் முடிக்கிறேன், அண்ணாச்சி ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுக்கூட வெளியே ஏதோ டணார் என்று விழுந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"டிபன் மூடிதான்க்கா, வேலையைப் பாருங்க," என்று சங்கரேஸ்வரி சிரித்தாள்.

எழுந்து வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். மூடிதான். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.